அடுப்படிச் சுவரில் இரண்டாவது கோடு

காலை ஐந்தே முக்காலுக்கு எழுந்தேன். பல் தேய்த்தேன். கைபேசியைப் படுக்கையறையிலேயே வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனேன். அரை லிட்டர் பால் பாக்கெட்டைக் கத்தரித்து, பாத்திரத்தில் ஊற்றி, அடுப்பைப் பற்ற வைத்தேன். பொங்கும் வரை பக்கத்திலேயே நின்றேன். பொங்கியதும் அணைத்தேன். ஒரு டம்ளர் காபி குடித்தேன். ஒரு டம்ளரைக் கழுவினேன். சட்டையை இஸ்திரி போட்டேன். ஒன்பது மணிக்கு அலுவலகம் போனேன். பதினான்கு மாதமாக இப்படித்தான்.

அலுவலகம் சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, ஜெராக்ஸ் கடை மாடியில். ‘மாரிராஜ், எம்.எஸ்சி., துப்பறியும் பணிகள்’ என்று பலகை. பெரும்பாலும் மாப்பிள்ளை விசாரணை. பையன் குடிப்பானா, வேலை நிஜமா, சொந்த வீடு சொந்தம்தானா.

உதவியாளர் சாஜிதா பானு எனக்கு முன்பே வந்து கதவைத் திறந்திருந்தாள். பி.காம். படித்தவள். வாய் அதற்கு மேலும் படித்தது.

“சார், இன்னிக்கும் மாப்பிள்ளை விசாரணைதான். ஆனா மாப்பிள்ளைக்குக் கல்யாணமாகிப் பதிமூணு வருஷம் ஆச்சு.”

உள்ளே ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். வயது முப்பத்தாறு இருக்கும். குள்ளம். நாற்காலியில் அவர் கால்கள் தரைக்கு இரண்டு அங்குலம் மேலே நின்றன. பூமாரி என்று பெயர் சொன்னார்.

“தம்பி, எங்க வீட்டுக்காரவுக அடுப்படிய இடிச்சுக் கட்டுதாக. யாருக்குக் கட்டுதாகன்னு கண்டுபிடிச்சுச் சொல்லணும்.”

“உங்களுக்குத்தான கட்டுவாரு?”

“எனக்குன்னா மேடை எனக்கு எட்டணும்லா? ஊர்க் கோயில் கொடைக்குன்னு பனவடலிசத்திரத்துல எங்கம்மா வீட்டுக்கு மூணு நாள் போனேன். நேத்து வந்து பாத்தா, மேடை நெஞ்சுக்கு நேரா நிக்கி. கடாய்க்குள்ள என்ன கெடக்குன்னு எட்டிப் பாக்க முக்காலி போடணும்.”

“கொத்தனாரு அளவ மாத்திட்டாரோ என்னவோ.”

“அவரு அளவு எடுக்கிற லட்சணம் எனக்குத் தெரியும். செருப்பக் கழட்டிட்டுச் சுவத்தோரமா நிக்கச் சொல்லுவாரு. முழங்கைய மடக்கச் சொல்லுவாரு. முட்டுக்கு நேரா பென்சில்ல ஒரு கோடு. கோட்டுக்கு நாலு விரக்கடை கீழ மேடை. எனக்கும் அப்படித்தான் எடுத்தாரு. இப்ப என் கோட்டுக்கு மேல இன்னொரு கோடு கெடக்கு தம்பி.”

சாஜிதா குறிப்பேட்டை மூடினாள். “அப்போ உங்க அடுப்படியில நெட்டையா ஒருத்தி வந்து நின்னிருக்கா.”

“அதத்தான் நானும் சொல்லுதேன். நாளைக்குச் சாயங்காலம் ரெண்டு புள்ளைகளையும் கூட்டிக்கிட்டு அம்மா வீட்டுக்கே போயிருவேன். அதுக்குள்ள எனக்கு ஆளு தெரியணும்.”

“தெரிஞ்சா?”

“அந்த நெட்டச்சிய ஒரு தடவ நல்லாப் பாத்துட்டு பஸ் ஏறுவேன்.”

எழுந்தவர் வாசலில் திரும்பினார். “நம்ம செல்வி போறப்போகூட உங்ககிட்ட ‘நல்லா இருங்க’ன்னுதான் சொன்னாளாம்லா. ஊரே சொல்லுது. அப்படி வாழணும் தம்பி. எனக்கு வாய்க்கல.”

செல்வி என் மனைவி. சாகும்போது அவள் அப்படிச் சொன்னதாகத்தான் ஊரில் பேசிக்கொள்கிறார்கள். நான் திருத்தியதில்லை.

பூமாரியின் வீடு ரத வீதியைத் தாண்டி ஒரு சந்தில். கணவர் இசக்கித்துரை வேலைக்குப் போயிருந்தார். புளியங்குடியில் எலுமிச்சை கமிஷன் கடையில் கணக்குப்பிள்ளை. கூடத்தில் பாத்திரங்கள் மலைபோலக் குவிந்திருந்தன. கேஸ் அடுப்பு குளியலறைக்குப் போகும் வழியில் தரையில் இருந்தது. பக்கத்தில் ஒரு வாளி, ஒரு குக்கர், ஒரு பள்ளிக்கூடப் பை.

“இந்த வீட்டுல குளிக்கப் போறவங்க சாம்பாரத் தாண்டித்தான் போகணும் போல” என்றாள் சாஜிதா.

அடுப்படியில் புதுச் செங்கல் சுவர்கள் எழுந்து, மேலே கடப்பா கல் பதித்திருந்தது. மேடைக்குப் பக்கத்தில், சுண்ணாம்புச் சுவரில் இரண்டு பென்சில் கோடுகள். கீழ்க்கோட்டின் பக்கத்தில் ‘பூ’ என்று கொத்தனார் எழுத்து. மேல்கோட்டின் பக்கத்தில் எழுத்தில்லை. நாடா பிடித்தேன். கீழ்க்கோடு முப்பத்தாறு அங்குலம். மேல்கோடு நாற்பத்திரண்டு.

“தரையத் தோண்டினதுல எறங்கியிருக்குமோ சார்? தரை எறங்கினா மேடை ஏறினாப்பல தெரியும்லா?”

நல்ல கேள்வி. குனிந்து பார்த்தேன். பழைய பெயின்ட் புதுத் தரைக்கு ஒரு அங்குலம் மேலே முடிந்திருந்தது. தரை இறங்கியது ஒன்று. கோடு ஏறியது ஆறு.

“இல்ல. வேற முழங்கைதான்.”

பூமாரி தன் சந்தேகங்களை வரிசையாகச் சொன்னார். இசக்கித்துரை முன்பெல்லாம் ஏலம் முடிந்து மதியமே வீடு திரும்புவார். மூன்று வாரமாக ஐந்து மணிக்குத்தான் வருகிறார். முன்பு சட்டையில் எலுமிச்சை வாசனை. இப்போது மல்லி வறுத்த வாசனை. இடது ஆட்காட்டி விரலில் பிளாஸ்திரி. கேட்டால், எலுமிச்சைப் பெட்டி ஆணி கீறிவிட்டது என்கிறார். சட்டைப்பையில் ஒரு துண்டுக் காகிதம். அதில் மாலா என்ற பெயரும் ஒரு போன் நம்பரும்.

“மாலா யாரு?”

“கல்யாண வீடுகளுக்குச் சமைக்கிறவ. ராஜபாளையம் ரோட்டுல இருக்கா. பனைமரத்துக்குச் சேலை கட்டினாப்பல இருப்பா.”

சாஜிதா என்னைப் பார்த்தாள். கேஸ் முடிந்தது என்று அர்த்தம்.

“அலமாரி சாமானெல்லாம் யாரு எறக்கினது?” என்று கேட்டேன்.

“அவுகதான். மூணு வாரத்துக்கு முன்ன, நான் புள்ளைகளுக்குச் சட்டை எடுக்கப் போன நேரம். அலமாரியில விரிச்சிருந்த பழைய பேப்பரையெல்லாம் தூரப் போட்டுட்டாகளாம். எல்லாத்தையும்.” அவர் குரல் இறங்கியது. மாலாவைப் பற்றிச் சொன்னபோதுகூட அப்படி இறங்கவில்லை.

வெளியே வந்ததும் சாஜிதா சொன்னாள். “புருஷன் போனாக் கோவம். பழைய பேப்பர் போனாக் கண்ணீர். இந்தக் குடும்பம் எனக்குப் புரியல.”

கொத்தனார் சுடலைராஜை டீக்கடையில் பிடித்தோம். நெற்றியில் கோமதியம்மன் கோயில் புற்றுமண். கோயிலில் இருந்து நேராக வந்திருந்தார்.

“அண்ணாச்சி, அந்த ரெண்டாவது கோட்டுக்கு யாரு வந்து நின்னா?”

அவர் டீயை ஊதினார். தேவைக்கு அதிகமாக ஊதினார். “அத நான் சொல்லக்கூடாது. வாக்குக் கொடுத்திருக்கேன்.”

“பூமாரி அக்கா வீட்டை விட்டுப் போகப் போறாங்க” என்றாள் சாஜிதா. “நீங்க கட்டின மேடையால.”

டம்ளரைக் கீழே வைத்தார். “இங்க பாரு தாயி. அந்தச் சுவத்துல பூமாரியத் தவிர வேற எந்தப் பொம்பளையும் வந்து நிக்கல. கோமதியம்மன் மேல சத்தியம். இதுக்கு மேல கேக்காதீக.” எழுந்து போய்விட்டார். டீ பாதி இருந்தது.

“பச்சைப் பொய்” என்றாள் சாஜிதா.

“புற்றுமண் ஈரம் காயல. அது காயிறதுக்கு முன்ன இந்த ஊர்ல யாரும் அம்மன் மேல பொய்ச் சத்தியம் பண்ண மாட்டாங்க.”

“சத்தியமும் நெசம், கோடும் நெசம்னா பேய்தான் சார் வந்து அளவு கொடுத்திருக்கணும். மோகினியெல்லாம் நெட்டையாத்தான் இருக்குமாம்.”

“மாலாவை அளந்துட்டு மோகினிக்குப் போவோம்.”

ராஜபாளையம் ரோட்டில் மாலா வீட்டு முற்றத்தில் ஆள் உட்காரும் அளவுக்கு அண்டாக்கள் கவிழ்த்துக் கிடந்தன. மாலா வாசல் நிலைக்குக் குனிந்து வெளியே வந்தார். சாஜிதா நாடாவை எடுத்துவிட்டாள்.

“அக்கா, சமையல்காரங்களுக்கு இலவசமா ஏப்ரன் கொடுக்கோம். அளவு எடுக்கணும். கொஞ்சம் முழங்கைய மடக்குங்க.”

“ஏப்ரனுக்கு முழங்கை எதுக்குட்டி?”

“கையில எண்ணெய் தெறிக்காத ஏப்ரன் அக்கா. புது மாடல்.”

மாலா சிரித்துக்கொண்டே மடக்கினார். சாஜிதா குந்தி அமர்ந்து நாடாவைப் படித்தாள். படித்ததும் அவள் முகம் விழுந்தது. என்னிடம் வந்து கிசுகிசுத்தாள்.

“நாப்பத்தி நாலு. ரெண்டு இஞ்ச் கூடிப்போச்சு சார். இந்தம்மா நிரபராதி.” பெருமூச்சு விட்டாள். “இனி நெட்டைப் பொம்பளைங்களுக்கு ஒரு பட்டியல் போடணும். பள்ளிக்கூடத்து விளையாட்டு டீச்சர் ஒண்ணு. போஸ்ட் ஆபீஸ்ல ஒண்ணு. சாயங்காலத்துக்குள்ள பாதி ஊர அளந்துரலாம்.”

பாதி ஊர்.

நான் என் இடது ஆட்காட்டி விரலைப் பார்த்தேன். நுனியில் ஒரு வெள்ளைத் தழும்பு. பதின்மூன்று மாதம் முன்பு, கத்தரிக்காய் நறுக்கும்போது.

“சாஜிதா, நாம ஏன் பொம்பளைங்களை மட்டும் அளக்கோம்?”

“அடுப்படி சார் அது. வேற யாரு நிப்பா? எங்க வாப்பா வெந்நி வைக்கவே எங்க உம்மாவக் கூப்பிடும்.” சொல்லிக்கொண்டே வந்தவள் நின்றாள். வாய் திறந்திருந்தது. சத்தம் வரவில்லை. அவள் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இதுதான் முதல் தடவை.

“கொத்தனார் சத்தியம் சுத்தமான சத்தியம். எந்தப் பொம்பளையும் நிக்கல. மல்லி வாசனை. விரல்ல வெட்டு. கத்தி பழகாதவன் மொதல்ல வெட்டிக்கிறது அந்த விரலைத்தான்.”

முற்றத்தின் பின்பக்கத்திலிருந்து மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. மாலா திரும்பிக் குரல் கொடுத்தார். “ஏ அண்ணாச்சி, வெங்காயத்த உரிக்கச் சொன்னா, சொத்த எழுதிக் கொடுத்தவரு மாதிரி அழுவுதீகளே!”

போய்ப் பார்த்தோம். ஒரு கவிழ்த்த அண்டாவின் மேல், மடித்துக் கட்டிய கைலியோடு, நெடுநெடுவென்று ஒருவர் உட்கார்ந்திருந்தார். எதிரே சின்ன வெங்காயக் குவியல். கண்கள் சிவந்திருந்தன. இடது ஆட்காட்டி விரலில் பிளாஸ்திரி.

“இசக்கித்துரை அண்ணாச்சியா?” என்றேன்.

அவர் எங்களைப் பார்த்தார். நாடாவைப் பார்த்தார். “பூமாரி அனுப்பினாளா?”

“நாளைக்குச் சாயங்காலம் புள்ளைகளோட பஸ் ஏறப் போறாங்க. மேடை வேற ஒருத்திக்குன்னு நினைக்காங்க.”

கத்தி கீழே விழுந்தது. “ஐயையோ. வெள்ளிக்கிழமை போயிருமே!”

“வெள்ளிக்கிழமை என்ன?”

சட்டைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். உள்ளே நான்காய் மடித்த காகிதம். ஓரத்தில் மஞ்சள் தூள் கறை. படித்தேன். திருநெல்வேலியில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் பூமாரிக்கு இளநிலை உதவியாளர் வேலை. இந்த வெள்ளிக்கிழமைக்குள் சேர வேண்டும். தவறினால் உத்தரவு ரத்து.

“மூணாவது தட்டுல, துவரம்பருப்பு டப்பாவுக்கு அடியில, விரிச்ச பேப்பருக்குக் கீழ இருந்துச்சு” என்றார். “நேர்முகத்துக்குப் போயிட்டு வந்து, கிடைக்கலன்னு சொன்னா தம்பி. நானும் போகட்டும் விடுன்னு கால் கிலோ மிக்சர் வாங்கிக் கொடுத்தேன். அதையும் உக்காந்து தின்னா.”

சாஜிதா மெல்லக் கேட்டாள். “ஏன் மறைச்சாங்க?”

“நெல்லைக்கு ஆறேகால் பஸ்ஸப் பிடிக்கணும். புள்ளைகளுக்கு யாரு சோறு பொங்குவா? எனக்கு வெந்நி வைக்கத் தெரியாது.”

“வெந்நி ஒரு தேசியப் பிரச்சினையா இருக்கே” என்றாள் சாஜிதா.

“அவங்ககிட்ட நேராக் கேட்டிருக்கலாமே அண்ணாச்சி?” என்றேன்.

“கேட்டா, எனக்கு வேண்டாம்னு சொல்லுவா. சோறு வடிக்கத் தெரியாதவன் ‘நீ வேலைக்குப் போ’ன்னு சொன்னா, அது வெறும் வாய்ப்பேச்சுதான? அதான் மொதல்ல படிப்போம்னு வந்தேன். இருபத்தோரு நாளாச்சு. சாம்பார், ரசம், ரெண்டு பொரியல், தோசை. இட்லி மட்டும் இன்னும் கல்லு.”

“எறிஞ்சா நாய் ஓடும்” என்றார் மாலா.

“குனிஞ்சு நின்னு இடுப்பு போச்சு தம்பி. நிதம் நிக்கப் போறவன் நான். அதான் கொத்தனார்ட்ட என் முழங்கைக்கு அளவு எடுக்கச் சொன்னேன். வியாழக்கிழமை சமைச்சுப் போட்டுட்டு, இந்தக் காயிதத்த நீட்டலாம்னு இருந்தேன். இப்படி ஆகும்னு கண்டேனா?”

“வாங்க. வெங்காயத்தை மாலா அக்கா பாத்துக்கிடுவாங்க.”

பூமாரி ஒரு நாள் முன்பாகவே பைகளைக் கட்டி வைத்திருந்தார். பிள்ளைகள் இன்னும் பள்ளியிலிருந்து வரவில்லை. சாஜிதா வாசலிலேயே அறிவித்தாள். “அக்கா, உங்க நெட்டச்சியக் கையோட கூட்டிட்டு வந்துட்டோம்.”

பூமாரி தோசைக் கரண்டியை எடுத்துக்கொண்டு வந்தார். எங்களுக்குப் பின்னால் இசக்கித்துரை மட்டும் நின்றார்.

“எங்க அவ?”

நான் அவரிடம் பதில் சொல்லவில்லை. இசக்கித்துரையிடம் சொன்னேன். “செருப்பைக் கழட்டுங்க. சுவத்தோரம் நில்லுங்க. முழங்கையை மடக்குங்க.”

அவர் அடுப்படிக்குள் போய் நின்றார். மடக்கினார். முழங்கை முட்டு மேல்கோட்டில் போய் உட்கார்ந்தது. மயிரிழை பிசகவில்லை.

பூமாரி கோட்டைப் பார்த்தார். முழங்கையைப் பார்த்தார். பிளாஸ்திரியைப் பார்த்தார். கரண்டி தாழ்ந்தது.

இசக்கித்துரை உறையை நீட்டினார். பூமாரி காகிதத்தை வெளியே எடுத்தார்.

“இது தொலைஞ்சு போச்சுன்னு நெனச்சேன்” என்றார் பூமாரி. “பேப்பரோட போனதே அம்மன் காட்டின வழின்னு இருந்தேன்.”

“அம்மன் வேற வழி காட்டியிருக்கா.”

“துவரம்பருப்புக்கு அடியில நீங்க எதுக்குப் போனீக?”

“நீ எதுக்கு வச்ச?”

“அந்தப் பக்கம் நீங்க பதிமூணு வருஷமா எட்டிக்கூடப் பாக்கலியே. அதான் வச்சேன்.”

சாஜிதா வாயைப் பொத்திக்கொண்டாள்.

பூமாரி கரண்டியை மறுபடி உயர்த்தினார். “சாம்பாருக்குப் புளி எப்ப ஊத்தணும்?”

“காய் வெந்த பொறவு.”

“பருப்புக்கு உப்பு?”

“வேகுத வரைக்கும் போடக்கூடாது.”

“பெருங்காயம்?”

இசக்கித்துரைக்கு வியர்த்தது. கூரையைப் பார்த்தார். “மாலா அக்கா… ரெண்டு தடவ போடுவாக. பருப்புல கொஞ்சம். தாளிக்கையில கொஞ்சம்.”

பூமாரி கட்டி வைத்த பையின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். பிறகு அழுதார்.

“சரி, பாஸு” என்றார். “இட்லிக்கு?”

“அரியர்” என்றாள் சாஜிதா.

“ஆனா இந்த மேடை எனக்கு எட்டாதே. லீவு நாள்ல நான் எங்கன நிக்க?”

“உங்க கோடு அங்கனயே இருக்குல்லா அக்கா. கொத்தனாரக் கூப்பிட்டு, அந்த மூலையில உங்க உயரத்துக்குச் சின்னதா ஒண்ணு கட்டச் சொல்லுங்க. அது ஞாயித்துக்கிழமை மேடை” என்றாள் சாஜிதா.

வெள்ளிக்கிழமை காலை ஐந்தரை மணிக்குப் பால் காய்ச்சினார்கள். என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள். உயர்ந்த மேடை காய்ந்திருந்தது. பக்கத்தில் சின்ன மேடையில் சிமென்ட் ஈரம் இன்னும் போகவில்லை. இசக்கித்துரை குளித்து, விபூதி பூசி, அடுப்பின் முன் நிமிர்ந்து நின்றார். மாலா, சுடலைராஜ், சாஜிதா, இரண்டு பிள்ளைகள். பூமாரி புதுச் சேலை கட்டி, தோளில் பையோடு நின்றார். பைக்குள் ஒரு டிபன் பாக்ஸ். எலுமிச்சைச் சோறு என்று பின்னால் தெரிந்தது.

பால் ஓரம் கட்டத் தொடங்கியபோது இசக்கித்துரையின் போன் அடித்தது. கமிஷன் கடையிலிருந்து. அவர் கை சட்டைப்பைக்குப் போனது.

“எடுக்காதீங்க” என்றேன்.

நான் சத்தமாகச் சொல்லியிருக்க வேண்டும். எல்லோரும் திரும்பினார்கள். அவர் கையை எடுத்துவிட்டார். போன் அடித்து ஓய்ந்தது. பால் எழும்பி, விளிம்பில் ஒரு நொடி நின்று, பொங்கி வழிந்தது. மாலா குலவையிட்டார். பிள்ளைகள் கை தட்டினார்கள்.

ஆறு ஐந்துக்குப் பூமாரி செருப்பை மாட்டினார். நானும் வாசலுக்கு வந்தேன்.

“வாரேன் தம்பி. செல்வி சொல்லிட்டுப் போன மாதிரி நீங்களும் நல்லா இருங்க.”

“அவ அப்படிச் சொல்லல அக்கா.”

பூமாரி படியில் நின்றார். “பின்ன?”

சாஜிதா எனக்குப் பின்னால் வந்து நின்றது தெரிந்தது.

செல்விக்குக் காய்ச்சல் மூன்று நாள். ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சரை உள்ளே தள்ளும்போது, கதவருகே என் சட்டைக் கையைப் பிடித்து நிறுத்தினாள். குனிந்தேன். அப்புறம் கதவு மூடிக்கொண்டது. யாரிடமும் இதைச் சொன்னதில்லை.

“சீக்கிரம் சொல்லுங்க தம்பி, பஸ் வந்துரும்” என்றார் பூமாரி. ஆனால் நகரவில்லை.

சொன்னேன்.

“ ‘காலையில வாங்கின பாலு அப்படியே இருக்கு. செல்போன உள்ள வச்சிட்டுப் போயிக் காய்ச்சுங்க. பொங்குத வரைக்கும் பக்கத்துலயே நில்லுங்க, என்னா?’ ”